தூணுக்குள் பெய்த பர்மா மழை

பழைய வீட்டைப் பிரிப்பவர்கள் மேலிருந்துதான் தொடங்குவார்கள். முதலில் ஓடு இறங்கும். பிறகு ரீப்பர், கைமரம், விட்டம், உத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கயிற்றில் வரும். தூணும் நிலையும் கடைசி. இறங்கிய மரத்தைத் தரையில் போட்டதும் வியாபாரிகள் டேப்பை நீட்டிக் கன அடிக் கணக்கில் இறங்கிவிடுவார்கள். திருமயம் வட்டாரத்தில் பழைய மரம் வாங்கி விற்கும் ஆசாரி ஒருவர் மட்டும் முதலில் மரத்தின் தலைமாட்டுக்குப் போவார். வெட்டுமுகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தேய்த்துவிட்டுக் குனிந்து பார்ப்பார்.

பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது தரம் பார்க்கும் வேலை. அது பாதி உண்மை. வைரம் எவ்வளவு, நடுவில் பொந்து உண்டா, வெடிப்பு எதுவரை ஓடியிருக்கிறது என்பதெல்லாம் வெட்டுமுகத்தில்தான் தெரியும். மீதிப் பாதி அவருடைய சொந்த விவகாரம். அவர் கோடு எண்ணிக்கொண்டிருப்பார்.

அவருடைய அப்பா ஏரும் மாட்டுவண்டிச் சக்கரமும் செய்தவர். கருவேலத்தில் குடமும் ஆரக்காலும் கடைந்த கை. டிராக்டர் வந்து வண்டி வேலை ஓய்ந்தபோது மகன் கதவு, ஜன்னல், கட்டில் என்று மாறினார். புது மரம் விலை ஏற ஏற, பழைய வீட்டு மரத்துக்கு வந்து சேர்ந்தார். ஆணி பிடுங்குவதும் இரும்புத் துண்டு தேடிக் காந்தம் வைத்துப் பார்ப்பதும் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. ஒரு ஆணி உள்ளே தங்கினால் மில்லில் ரம்பத்தின் பல் போய்விடும். மில்காரர் அடுத்த முறை மரத்தை உள்ளே விடமாட்டார்.

நகரத்தார் வீடு என்றதும் எல்லோருக்கும் காரைக்குடிதான் நினைவுக்கு வரும். ஆனால் செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் இருக்கிறது. கடியாபட்டி, ராயவரம், கோனாபட்டு எல்லாம் திருமயம் வட்டத்து ஊர்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் ஒரு பக்கம் இருக்க, வீடுகள் பிரிபடுவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. வாரிசுகள் ஏராளம், பங்கோ ஆளுக்கு ஒரு முழம். ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதிலேயே பல வீடுகளின் விதி முடிந்துவிடுகிறது.

இந்த வீடுகளில் நிற்கும் பெரிய மரங்களில் பெரும்பாலானவை பர்மாத் தேக்கு. 1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதிச் சமவெளியில் நெல் பெருகியது. உழவருக்குக் கடன் கொடுக்க நகரத்தார் போனார்கள். 1885-இல் மேல் பர்மாவும் விழுந்தது. அந்தப் போருக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனின் தேக்குத் தகராறு. வட்டியில் வந்த பணம் ஊரில் வீடாக எழுந்தபோது, தேக்கும் கப்பலேறி வந்தது. 1930-களின் பொருளாதாரச் சரிவும் 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பும் அந்தப் போக்குவரத்தை முடித்துவைத்தன. ஆக, ஆசாரியின் கைக்கு வரும் தூண்களும் உத்திரங்களும் ஏறக்குறைய ஒரு நூறாண்டு இடைவெளிக்குள் வெட்டப்பட்டவை. அந்த மரங்கள் வளர்ந்த காலம் அதற்கும் பல தலைமுறை முந்தியது.

அவருக்குக் கோடுகளின் மேல் கண் விழுந்தது வியாபாரத்தால். கோடு நெருக்கமாக இருந்தால் மரம் உறுதி, அகலமாக இருந்தால் சோப்ளாங்கி என்று வாங்க வருகிறவர்கள் நம்புகிறார்கள். தேக்கைப் பொறுத்தவரை அது அப்படியே சரியல்ல. வேகமாக வளர்ந்த தேக்குக்கும் மெதுவாக வளர்ந்த தேக்குக்கும் கட்டையின் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வைரத்தின் அளவில்தான். இளம் தோட்டத் தேக்கில் பாதிக்கு மேல் வெள்ளைக் கட்டையாக இருக்கும். கரையானுக்கு அதுதான் விருந்து. கிழட்டுக் காட்டு மரத்தில் வெள்ளை ஒரு மெல்லிய வளையம்தான், மற்றதெல்லாம் எண்ணெய் ஊறிய வைரம். கோட்டைப் பார்த்து விலை பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்.

தூண் வாங்க வந்த ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர்தான் கோடுகளுக்கு வேறு பயனும் உண்டு என்று காட்டினார். சட்டைப்பையிலிருந்து நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு லென்ஸை எடுத்து, “இழைப்புளியால ஒரு சீவு சீவிட்டுப் பாருங்க ஆசாரி, தண்ணி போதாது” என்றார்.

சீவிய முகத்தில் லென்ஸ் வைத்தால் தேக்கின் ஏற்பாடு பளிச்சென்று தெரியும். வறண்ட மாதங்களில் தேக்கு இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். பட்டைக்கு அடியில் வளர்ச்சி நின்றுபோகும். மழை தொடங்கித் துளிர் விட்டதும் தண்ணீர் ஏற்றுவதற்குப் பெரிய பெரிய துளைகளாக ஒரு வரிசை போடும். பருவம் போகப் போகத் துளைகள் சிறுத்து, கட்டை இறுகும். மறுபடி வறட்சி. அடுத்த ஆண்டின் பெரிய துளைகள் அந்த இறுக்கமான விளிம்பை ஒட்டித் தொடங்குவதால் ஒரு கோடு விழுகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலம்; பொய்த்த ஆண்டில் குறுகல். வெப்பமண்டல மரங்களில் இவ்வளவு ஒழுங்காக ஆண்டுக்கு ஒரு வளையம் போடுபவை குறைவு. ஜாவாத் தேக்கின் வளையங்களை 1931-லேயே பெர்லாகே என்ற டச்சு அறிஞர் ஆராய்ந்து எழுதினார். இந்தியாவில் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனமும் பல பத்தாண்டுகளாக இதே வேலையில் இருக்கின்றன.

புதுக்கோட்டையின் சொந்த மரங்கள் இந்த விஷயத்தில் அவ்வளவு ஒத்துழைப்பதில்லை. பனையும் தென்னையும் கணக்கிலேயே சேராது. அவற்றுக்குப் பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் புதுக் கட்டை கட்டும் படலம் கிடையாது, வளையமும் கிடையாது. பனைக்கு உறுதி வெளியே, உள்ளே சோறு. தேக்குக்கு நேர்மாறு. தொல்காப்பிய மரபியல் இந்த ஒரே அடையாளத்தை வைத்துத்தான் வெளியே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரித்தது. வளையம் எண்ண வேண்டுமானால் இரண்டாம் வகைக்குத்தான் போக வேண்டும். அங்கும் தொல்லை தீரவில்லை. தேர் செய்யும் இலுப்பை, கீரமங்கலம் வடகாடு பக்கத்துப் பலா, மா ஆகியவற்றில் துளைகள் கட்டை முழுக்கப் பரவிக் கிடக்கும். கோடு இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். வேம்பில் கோடு கண்ணுக்குப் படும். அது ஆண்டுக்கு ஒன்றுதானா என்பதை அந்தந்த மரத்தில் சரிபார்க்காமல் சொல்ல முடியாது.

காரணம் நம் ஊர் மழையிலேயே இருக்கிறது. புதுக்கோட்டைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை. பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. கோடை இடி மழையும் ஆடி, ஆவணி மழையும் தம் பங்குக்கு வந்துபோகும். ஒரே ஆண்டில் மரத்துக்கு இரண்டு முறை ஈரம், இரண்டு முறை காய்ச்சல். சில மரங்கள் இடையில் ஏமாந்து ஒரு போலிக் கோடு போட்டுவிடும்.

வளையத்தை எண்ணினால் வயது வரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. போலிக் கோடு ஒன்று சேர்ந்திருக்கலாம். நெருக்கத்தில் வளர்ந்த மரம் ஒரு கொடிய ஆண்டில் கோடே போடாமல் விட்டிருக்கலாம். எண்ணிக்கை ஒன்றிரண்டு பிசகினால் அதற்கு உள்ளே உள்ள எல்லா ஆண்டுகளும் பிசகும். அதனால் ஒரு மரத்தின் அகல-குறுகல் வரிசையை இன்னொரு மரத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். ஒரே ஊரில் இரண்டு கடைகளின் பழைய பேரேட்டை அருகருகே வைத்தால், இரண்டிலும் ஒரே ஆண்டுகளில் வரவு சுருங்கியிருப்பதைக் கொண்டு கிழிந்துபோன பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா, அந்த மாதிரி. பத்து, இருபது மரம் சேர்ந்து ஒரே ஆண்டைக் குறுகல் என்றால்தான் அது மழையின் சொல். ஒரு மரம் மட்டும் சொன்னால் அது பக்கத்து மரத்தின் நிழலாக இருக்கலாம், கிளை வெட்டாக இருக்கலாம். தேக்கின் இலையை ஒரே வாரத்தில் சல்லடையாக்கும் புழு வந்த ஆண்டாகவும் இருக்கலாம்.

இந்தப் பொருத்தும் முறையை நிலைநாட்டியவர் மரக்காரர் அல்லர், வானியலாளர். அமெரிக்காவின் அரிசோனாவில் ஏ. இ. டக்ளஸ் சூரியப் புள்ளிகளின் சுழற்சி மழையில் தெரிகிறதா என்று பார்க்கப் போய், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்துக்கு வந்து சேர்ந்தார். உயிருள்ள பைன் மரங்களிலிருந்து பின்னோக்கி ஒரு வரிசை அவரிடம் இருந்தது. பாழடைந்த பழங்குடிக் குடியிருப்புகளின் உத்திரங்களிலிருந்து இன்னொரு வரிசை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. 1929 ஜூனில் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த ஒரு கரிந்த உத்திரம் அந்த இடைவெளியை நிரப்பியது. அதுவரை ஆண்டு தெரியாமல் நின்ற பல குடியிருப்புகளுக்கு ஒரே இரவில் ஆண்டு கிடைத்தது. 1276 முதல் 1299 வரை அங்கே நீண்ட வறட்சி நிலவியதும் அதே வளையங்களில் தெரிந்தது. இந்த உத்திரக் கதைதான் ஆசாரியை அதிகம் பிடித்துக்கொண்டது. அடுப்புக்குப் போயிருக்க வேண்டிய கரிக்கட்டை அது.

பேராசிரியர் சொல்லிக்கொடுத்த குறியீட்டை அவர் இன்றும் கடைப்பிடிக்கிறார். பத்தாவது வளையத்துக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. ஐம்பதுக்கு இரண்டு. நூறுக்கு மூன்று. உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதே வழக்கம்தான். ஆய்வகத்தில் இதற்கு மேல் உப்புத்தாள் நைசாக நைசாகப் போட்டு முகத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, நுண்ணோக்கியில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குவரை அளப்பார்கள். நிற்கும் மரமாக இருந்தால் வெட்டவே வேண்டாம். குழல் போன்ற துரப்பணத்தால் பென்சிலைவிட ஒல்லியான ஒரு குச்சியை உருவி எடுத்துவிடலாம். மரம் கிழடாக ஆக வளையம் இயல்பாகவே மெலியும் என்பதால், அந்த வயது இறக்கத்தையும் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். ஆசாரியிடம் அந்தக் கருவிகள் இல்லை. அவரிடம் இருப்பது மரம்.

அந்த மரம் எந்த ஊரின் மழையைச் சொல்கிறது? தூண் நிற்பது கடியாபட்டியில் என்றாலும், அதன் வளையங்கள் கடியாபட்டி மழையால் ஆனவை அல்ல. பர்மாக் காட்டில் வைகாசி முதல் புரட்டாசிவரை பெய்த தென்மேற்குப் பருவமழைதான் அந்தத் தூணுக்குள் இருக்கிறது. அதை ஒப்பிட்டுப் பார்க்கவும் இப்போது வழி உண்டு. ரோசான் டாரிகோவும் உடன் உழைத்தவர்களும் மாண்டலேக்கு வடக்கே மைங்தா காப்புக்காட்டின் 20 உயிருள்ள தேக்கு மரங்களிலிருந்து 29 மாதிரிகள் எடுத்து, 1613 முதல் 2009 வரையான வரிசையை 2011-இல் வெளியிட்டார்கள். அந்த வரிசை பர்மாவின் மழையோடு மட்டுமன்றி நடு இந்தியாவின் பருவமழையோடும் எல் நினோவோடும் ஒத்துப்போகிறது. 1997-98 எல் நினோவை அடுத்த வறட்சி, அங்கே ஏறத்தாழ 300 ஆண்டுகளில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று என்றும் அவர்கள் கண்டார்கள்.

இருபது மரம் என்பது சிறிய கூட்டம். பின்னோக்கிப் போகப் போக அந்தக் கூட்டமும் குறையும். 1600-களில் முளைத்து இன்றும் நிற்கும் தேக்கு எத்தனை கிடைத்துவிடும்? பழைய கட்டடங்களின் மரம் அங்கேதான் கைகொடுக்கும். 1900 வாக்கில் வெட்டிய ஒரு கிழட்டுத் தேக்கில் இருநூறு வளையம் இருந்தால், அது 1700-ஐத் தொடும். அத்தகைய உத்திரங்கள் திருமயம் வட்டத்தில் வீட்டுக்கு வீடு படுத்துக் கிடக்கின்றன.

ஆனால் ஒரு பெரிய முட்டுக்கட்டை உண்டு. அதைப் பேராசிரியருக்கு விளக்கியவர் ஆசாரி. கட்டடத்துக்குப் போகும் மரத்தில் வெள்ளையை விடமாட்டார்கள். தச்சன் முதலில் செதுக்கித் தள்ளுவதே அதைத்தான். வெள்ளை போனால் கடைசி வளையங்களும் போயின. மிச்சமுள்ள கட்டையின் வெளிவளையம் 1868 என்று பொருந்தினால், மரம் 1868-க்குப் பிறகு வெட்டப்பட்டது என்று மட்டுமே சொல்லலாம். எவ்வளவு பிறகு என்பது செதுக்கியவன் கையோடு போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காடுகளில் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வெட்டி, நின்றபடியே சாகவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு காயவைத்த பிறகே வீழ்த்தினார்கள். யானை இழுத்து ஓடையில் விட்டது. வெள்ளம் வரும்வரை கட்டை காத்துக் கிடந்தது. பிறகு தெப்பமாகக் கட்டி ஐராவதியில் ரங்கூனுக்கு விட்டார்கள். அங்கிருந்து கப்பல், கரை, வண்டி, பட்டறை. மரம் செத்ததற்கும் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்ததற்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடியிருக்கும். வளையம் மரத்தின் சாவைத்தான் சொல்லும். வீட்டின் பிறப்பை ஆவணத்தில்தான் தேட வேண்டும். சில உத்திரங்களின் முனையில் கம்பெனிக்காரர்கள் சுத்தியால் அடித்த முத்திரை தேய்ந்து கிடக்கும். அறுக்கும்போது முதலில் போவதும் அந்த முனைதான்.

சரி, நம் பக்கத்து மழைக்கு எங்கே போவது? கிட்டத்தில் கிடைக்கும் நீண்ட வரிசை கேரளத் தேக்கினுடையது. புனே நிறுவனத்தின் ஹெச். பி. போர்கோங்கரும் உடன் உழைத்தவர்களும் 2010-இல் வெளியிட்ட அந்த வரிசை 1481 முதல் 2003 வரை, 523 ஆண்டு நீளம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல், எல் நினோவோடு சேர்ந்து பருவமழை பொய்த்த ஆண்டுகளில் மரங்களின் வளர்ச்சி அடிக்கடி குன்றியிருப்பதை அது காட்டுகிறது. பரம்பிக்குளத் தேக்கில் லக்னோ நிறுவனத்தார் வளையத்தின் அகலத்தை விட்டு, தொடக்கத் துளைகளின் பரப்பை அளந்தார்கள். அது முந்தைய ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மழையோடு தொடர்புள்ளதாகத் தெரிந்தது. வடகிழக்குப் பருவத்தை நம்பி வாழும் புதுக்கோட்டைக்கு இது முக்கியமான துப்பு. மலைக்கு மேற்கே நிற்கும் மரமானாலும், அதன் துளைகளில் நம் பருவத்தின் சாயல் இருக்கிறது.

ஆசியா முழுவதும் இப்படிச் சேர்ந்த முந்நூறுக்கு மேற்பட்ட வரிசைகளை எட்வர்ட் குக் குழுவினர் ஒன்றுசேர்த்து 2010-இல் பருவமழை நாடுகளின் வறட்சி வரைபடத்தை வெளியிட்டார்கள். கடந்த ஆயிரம் ஆண்டின் கொடிய வறட்சிகளுள் அவர்கள் எடுத்துக்காட்டியவை நான்கு: 1638-41, 1756-68, 1790-96, 1876-78. நான்காவதை நம் ஊர்க் கிழவிகள் வரைபடம் இல்லாமலே அறிவார்கள். அதுதான் தாது வருஷப் பஞ்சம்.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். பஞ்சம் அடங்கும் நேரத்தில், 1878-இல், அ. சேஷையா சாஸ்திரி திவானாக வந்தார். அவர் காலத்து வேலைகளில் கண்மாய்களையும் குளங்களையும் தூர்வாரிச் செப்பனிட்டதைத்தான் மக்கள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாத இந்த மண்ணில் கண்மாய்தான் எல்லாம். சமஸ்தானம் 1929-இல் அச்சிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் குளம், குமிழி, மடை, பாசன நிலம் பற்றிய பேச்சு வந்துகொண்டே இருக்கும். யார் குமிழி வைத்தார், எந்த நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைக் கல் சொல்லும். எந்த ஆண்டு மழை பொய்த்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. கல்வெட்டின் அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தான் வளையம் வேண்டும்.

அப்படிப் பக்கத்தில் வைத்துப் படித்த இடம் அங்கோர். கம்போடியாவின் அந்தத் தலைநகரும் பெரிய பெரிய ஏரிகளை வெட்டி மழைநீரைத் தேக்கி வாழ்ந்ததுதான். பிரெண்டன் பக்லியும் குழுவினரும் வியட்நாம் மலைகளின் அரிய ஊசியிலை மரங்களில் 1030 முதல் 2008 வரையான வரிசையைக் கட்டி, 2010-இல் வெளியிட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகள். நடுநடுவே பேய் மழை. வறட்சியில் வாய்க்கால் தூர்ந்தது, வெள்ளத்தில் கரை உடைந்தது. அங்கோர் சரிந்ததற்குப் போரும் வணிகமும் காரணங்கள்தான். அவற்றோடு தண்ணீரும் சேர்ந்தது. கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காய்ந்து வெடித்துக் கிடந்த கரை முதல் பெருமழையில்தான் உடையும்.

வளையத்தில் மழை மட்டுமல்ல, சூரியனும் கைவைத்திருக்கிறது. 775-ஐ ஒட்டியும் 993-ஐ ஒட்டியும் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கரிமம் திடீரென எகிறியதை ஜப்பானின் ஃபுசா மியாகே மர வளையங்களில் கண்டறிந்தார். சூரியனிலிருந்து வந்த பெரும் துகள் வெள்ளம் காரணமாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. 993-இன் அந்த அடையாளத்தை வைத்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் இரும்புக் கருவியால் வெட்டிய மரங்களின் வளையங்களை வெளிநோக்கி எண்ணி, அவை 1021-இல் வெட்டப்பட்டவை என்று 2021-இல் அறிவித்தார்கள். 993 என்பது ராஜராஜன் ஆட்சிக்குள் வரும் ஆண்டு. அந்தக் காலத்துத் தேக்குத் துண்டு எதுவும் ஆசாரியின் கொட்டகைக்கு வரப்போவதில்லை. கரையானும் ஈரமும் நம் ஊரில் மரத்தை ஆயிரம் ஆண்டு விட்டுவைப்பதில்லை.

உள்ளூர்த் தேக்கு அவருக்குப் பாடம் நடத்தியது கஜாவுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடிப் பக்கம் தென்னை, பலா, மா, தேக்கு என்று எதையும் விடவில்லை. மில் வாசல்களில் மரம் மலையாகக் குவிந்தது. விலை அடிமட்டத்துக்குப் போனது. தோப்புக்காரர்கள் கண்ணீரோடு வந்து போட்டுவிட்டுப் போன கட்டைகள் அவை. எல்லாம் ஒரே இரவில் செத்த மரங்கள் என்பதால் வெளிவளையத்தின் ஆண்டில் ஐயமே இல்லை. நட்ட ஆண்டும் பலருக்கு நினைவிருந்தது: மகள் சடங்கான வருஷம், கிணறு வெட்டிய வருஷம், தம்பி சிங்கப்பூர் போன வருஷம். இரண்டு முனையும் தெரிந்த மரம் கிடைத்தால், ஆண்டுக்கு ஒரு வளையம் என்பது இந்த மண்ணில் நிற்கிறதா என்று சோதித்துவிடலாம்.

நிறைய மரங்களில் நின்றது. சிலவற்றில் ஒன்றிரண்டு வளையம் கூடுதலாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொய்க் கோடு பிடிபட்டது. நிஜக் கோட்டில் பெரிய துளை வரிசை சுற்று முழுக்கப் போகும். பொய்க் கோடு ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் கரைந்துவிடும். அடிமரத்தில் வட்டமாக ஒரு துண்டு முழுசாகக் கிடைத்தால்தான் இதைப் பார்க்க முடியும். அறுத்த பலகையில் முடியாது.

இன்னொரு வித்தியாசத்தையும் அந்தக் குவியலில் பார்த்தார். 2016-இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. மானாவாரி வரப்பில் நின்ற தேக்குகளில் பட்டையை ஒட்டிய இரண்டாம், மூன்றாம் வளையங்கள் நூலாக ஒடுங்கியிருந்தன. தென்னந்தோப்புக்குள் நின்ற தேக்குகளில் அந்த ஒடுக்கம் இல்லை. அவை குடித்தது போர்வெல் தண்ணீர். மழை வந்தாலென்ன போனாலென்ன, மோட்டார் ஓடியவரை அவற்றின் வளையம் ஒரே சீராக விழுந்திருந்தது. அந்த மரங்களில் படிப்பதாக இருந்தால் நிலத்தடி நீரின் வரலாற்றையும் இலவச மின்சாரத்தின் வரலாற்றையும்தான் படிக்க வேண்டும். கல்லணைக் கால்வாய்க் கரைத் தேக்கு கிடைத்தால் அதிலும் இதே எச்சரிக்கை தேவை என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அங்கே மரத்தின் வேருக்கு மழையோடு மேட்டூர்த் தண்ணீரும் எட்டுகிறது.

மாவட்டமெங்கும் பரந்து கிடக்கும் தைலமரக் காடுகளிலிருந்து எதுவும் கிடைக்காது. சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக் காகித ஆலைக்குப் போகும் மரத்தில் படிக்க என்ன இருக்கப்போகிறது.

இப்போது அவர் கொட்டகையில் ஒரு சுவரோரம் துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. உத்திரத்தை அளவுக்கு அறுக்கும்போது விழும் முனைகள் முன்பெல்லாம் டீக்கடை அடுப்புக்குப் போகும். இப்போது ஒவ்வொன்றிலும் ஊர், வீட்டில் அது இருந்த இடம், தூணா உத்திரமா, எந்தப் பக்கம் வேர்முனை என்று பெயின்ட்டில் எழுதி வைக்கிறார். வீட்டுக்காரரிடம் கட்டிய ஆண்டைக் கேட்டுக் கூடவே எழுதிக்கொள்கிறார். தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறார், ஊகத்தை எழுதுவதில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் கேட்டால் கொடுப்பதற்கென்று வைத்திருக்கிறார். விலை இல்லை. எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற விவரம் இல்லாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சுவரில் ஏறாது.

அவருக்கு வேண்டியது வெள்ளை ஒட்டிய துண்டு. செதுக்காமல் சுவருக்குள் புதைத்துவிட்ட முனைகளில், கண்ணுக்குத் தெரியாத பரண் கட்டைகளில், சமையல்கட்டுப் பின்புறக் கைமரங்களில் அது சில நேரம் தப்பியிருக்கும். நல்ல முகப்புத் தூணைவிட அந்த முரட்டுக் கட்டைகளுக்குத்தான் கடைசி வளையம் இருக்க வாய்ப்பு. ஆகவே வீடு பிரிக்கப் போகும் அக்காள் மகனிடம் அவர் தினமும் போனில் சொல்வது ஒரே விஷயம்.

“மாப்ளே, முகப்பை மெதுவாப் பிரி, அது எங்கயும் போகாது. பின்கட்டுக் கைமரத்துல வெள்ளை ஒட்டிக்கிட்டு இருக்கா பாரு. இருந்தா செதுக்க விட்றாதே. அப்படியே துணியச் சுத்தி வண்டியில ஏத்து.”

“அதெல்லாம் உளுத்துப்போன கட்டை மாமா. கன அடிக்கு எவன் எடுப்பான்?”

“கன அடிக்கு யாரு கேட்டா? ஏத்துடா.”